டோலினா உட்காராத பந்தி

துணியின் ஒரு முனை என் கையில், மறு முனை டோலினாவின் கையில். நடுவில் நாற்பது அடிக்கு வெள்ளைத் துணி. ஒரு நூல்கூடத் தரையில் படக் கூடாது.

"ஜெஸ்ஸி, கையை உசத்து. உன் பக்கம் தொங்குது."

"உங்க பக்கந்தான் உசரம். நான் குள்ளம், என்ன செய்ய?"

"குள்ளம்னா ஸ்டூல்ல ஏறு. கர்த்தரோட மேசைவிரிப்பு உன் உசரத்துக்கு இறங்கி வராது."

ஆகஸ்டில் திருவிருந்து வாரம் வந்தால் பதினெட்டு வருஷமாக எங்களுக்கு இதுதான் வேலை. டோலினா மக்காஸ்கில் அந்த விரிப்பைக் கொதிக்க வைத்துத் துவைப்பார். கடற்கரைப் புல்லில் விரித்து வெயிலில் வெளுக்க விடுவார். பிறகு இஸ்திரி போட்டுச் சுருட்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல் கோவிலின் நீள மேசையில் அது விரிக்கப்படும். அங்கத்தினர்கள் இருபுறமும் உட்கார்ந்து அப்பத்தையும் கிண்ணத்தையும் கைமாற்றிக்கொள்வார்கள். டோலினா மட்டும் கடைசி வரிசையில் சுவரோரமாக, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பந்தியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இது மட்டும் என்றால் ஆச்சரியமில்லை. எங்கள் ஹாரிஸ் குடாவில் பாதிப் பேர் சாகும்வரை பந்திக்குப் போகாதவர்கள்தான். தனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கி உட்காருவது எங்களிடம் பக்திக்கு அடையாளம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் சபைப் புத்தகத்தில் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். டோலினா கொடுத்திருக்கிறார். பத்தொன்பது வயதில் சபை மூப்பர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அங்கத்தினர் ஆனவர். அப்படிச் சேர்ந்தும் ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு தடவைகூட அந்த மேசைக்குப் போகவில்லை.

ஒவ்வொரு வருஷமும் மூப்பர் மர்டோ மக்லியாட் வீடு வீடாகத் திருவிருந்து அட்டை கொண்டுவருவார். பந்தியில் உட்காரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டோலினாவும் வாங்கிக்கொள்வார். வாங்கிச் சமையலறைக் கடிகாரத்தின் பின்னால் செருகிவிடுவார். அவர் வீட்டில் வேலை செய்யும் நான் தூசி தட்டும்போது பார்த்திருக்கிறேன், கம்பளி நூலால் கட்டிய பெரிய கட்டு. ஏன் போவதில்லை என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டுக்காக அக்காவோடு சண்டை என்றார்கள். ஓய்வுநாளில் மீன் பிடிக்கப் போனார் என்றார்கள். "உனக்கெதுக்கு, பேசாம பெட்ஷீட்டை மாத்திட்டு வா" என்றார் என் கணவர். பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதற்காக நான் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பேன். மறுநாள் காலையில் கடிகாரத்தின் பின்னால் மறுபடியும் எட்டிப் பார்ப்பேன்.

டோலினாவின் கணவர் ஹெக்டர், இறால் பிடிக்கிறவர். காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. நெடுஞ்சாலை வந்து, எங்கள் முன்னோர்களின் முதல் கப்பல் கரைசேர்ந்த இடத்துக் கற்குவியலையும் பழைய கல்லறைகளையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்ததும், டோலினா வாசலில் 'அறைகள் உண்டு' என்று பலகை மாட்டினார். கடலைப் பார்த்த ஐந்து அறைகள். காலையில் படுக்கை மாற்றவும் மேசை துடைக்கவும் நான் போவேன். சின்ன வயதில் டோலினாவின் நாக்கு கத்தி போல இருக்குமாம். எனக்குத் தெரிந்த டோலினா அதிகம் பேசுகிறவரில்லை. அவர் பேச்செல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால் சட்டியோடு நின்றுகொண்டு, "இன்னொண்ணு" என்பார். போதும் என்றால் காதில் விழாது. பாஸ்டனிலிருந்து வந்த ஒருவர், "இந்த வீட்டிலிருந்து இடுப்புவார் மாட்டிக்கொண்டு யாரும் போக முடியாது" என்று விருந்தாளிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

திருவிருந்து வாரத்தில் அந்தப் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். வெளியூர்ச் சபைகளிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லா வீடுகளும் திறந்திருக்கும். அந்த வாரத்தில் யாரும் யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் இறங்கி வந்தாள்.

"மன்னிக்கணும். வழியில எல்லா இடமும் நிரம்பிடுச்சு. பலகையோட முதுகு தெரிஞ்சுது. அறை இருக்குமா?"

"முதல்ல உக்காருங்க" என்றார் டோலினா.

"வாடகை எவ்வளவுன்னு..."

"உக்காருங்கன்னு சொன்னேன். உருளைக்கிழங்கு ஆறிடும்."

வந்தவர் பசியாறும்வரை பெயர் கேட்கக் கூடாது. டோலினா அதில் கண்டிப்பு. அந்தப் பெண் உட்கார்ந்தாள். உப்புமீனும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டு சாப்பிட்டாள், ரசித்துத்தான் சாப்பிட்டாள். டோலினா சட்டியோடு அவள் பின்னால் போய் நின்றார்.

"இன்னொண்ணு."

"வேண்டாம்மா. ரொம்ப நல்லாருக்கு. போதும்."

"ஒரே ஒரு கிழங்கு."

"உபசாரத்துக்குச் சொல்லல. எங்க வீட்டுப் பழக்கம் அப்படி. அடுத்தவங்க மேசையில ரெண்டாம் தடவை வாங்க மாட்டோம். எங்கம்மா வளர்ப்பு."

"என்ன வளர்ப்பு இது!" என்று சிரித்தபடி டோலினா சட்டியை எடுத்துக்கொண்டு போனார். இப்படி ஒரு தோல்வி அவருக்குப் புதிது.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் ஆராதனைக்குக் கிளம்பினார்கள். நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் விரிப்பைப் போட்டு இஸ்திரியை ஆரம்பித்தோம். அந்தப் பெண் தட்டுகளைத் துடைத்துத் தருகிறேன் என்று கூடவே வந்தாள். இப்போது பெயர் கேட்கலாம்.

"லார்னா. வின்ட்சர்லேர்ந்து வர்றேன். ரெண்டு நாளா கார் ஓட்டி."

"அவ்வளவு தூரம் கற்குவியல் பாக்கவா?" என்றேன்.

"இல்ல, ஒரு பொருளைச் சேர்க்க. எங்கம்மா போன வருஷம் போயிட்டா. இந்தக் கரையில வடக்கே பிறந்தவ. அவ தையல் பெட்டியில ஊசிக்கடியில இது இருந்தது. சாகறதுக்கு முன்னாடி, 'இதை ஹாரிஸ் குடாவுல கோவில்காரங்ககிட்டக் குடுத்துடு, என்னோடது இல்ல'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. என்ன இது? நானும் எவ்வளவோ பேர்கிட்டக் காட்டிட்டேன். மீன்வலைக் குண்டுங்கறான் ஒருத்தன்."

அவள் உள்ளங்கையில் ஒரு ஈயத் துண்டு. கோட்டுப் பொத்தான் அளவுதான், சதுரம். மேலே எங்கள் சபையின் இரண்டு எழுத்துகளும் ஒரு பழைய வருஷமும் தேய்ந்து கிடந்தன. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அட்டை வருவதற்கு முன்னால் இதைத்தான் கொடுப்பார்கள். பந்திக்குத் தகுதி என்று மூப்பர்கள் கண்டால் சனிக்கிழமை ஒரு வில்லை. ஞாயிறு பந்தியில் உட்காரும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளல்ல அது.

"அப்ப உங்கம்மா வில்லையை வாங்கிட்டுப் பந்திக்குப் போகல" என்றேன். வாய் முந்திவிட்டது.

"ஏன் போகல?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அம்மா பேரென்ன?"

"கேஸ்ஸி. கேஸ்ஸி பெத்யூன்."

கருகல் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் டோலினா இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பெட்டி துணியின் மேலேயே இருந்தது. நான் பாய்ந்து தூக்கினேன். நாற்பது அடி வெள்ளையின் நடுவில் பழுப்பாக, கூர்முனையோடு ஒரு சூட்டுத் தழும்பு. பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

டோலினா அதைப் பார்க்கவேயில்லை. மேலங்கியைக்கூட எடுக்காமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கடலைப் பார்க்க நடந்துவிட்டார்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்றாள் லார்னா.

"இல்லம்மா. நீங்க தட்டைத் துடைங்க, இதோ வந்துட்டேன்."

டோலினாவின் மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளிருக்காக என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காரணம் அது மட்டுமில்லை என்று கர்த்தருக்குத் தெரியும். டோலினா ஹெக்டரின் பழைய இறால் கூண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கியைத் தோளில் போட்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அந்த வருஷம் எங்க வீட்ல பதினாறு விருந்தாளிங்க. ஆம்பளைங்க வைக்கோல் பரண்ல. கேஸ்ஸி என் படுக்கையில, என்னோட. ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் பந்தி. மூணு நாள்ல நாங்க அவ்வளவு சிநேகிதமாயிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம், வில்லையெல்லாம் வாங்கிட்டு வந்து சாப்பிட உக்காந்தோம். போதகருக்குன்னு அம்மா பாலேடு எடுத்து வெச்சிருந்தா. தெரியாம கேஸ்ஸி ரெண்டாம் தடவை அதுல கை வெச்சுட்டா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. வேலை செஞ்சு கையெல்லாம் ஓய்ஞ்சு போயிருந்தது. எல்லார் முன்னாடியும் கேட்டேன், 'நீங்கல்லாம் பந்திக்கு வர்றீங்களா, இல்ல எங்க வீட்டு மேசைக்கு வர்றீங்களா?'ன்னு."

நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். திருவிருந்து வாரத்தில், வந்த விருந்தாளியைப் பார்த்து அந்தச் சொல்!

"எல்லாரும் சிரிச்சாங்க. என் நாக்குக்குச் சிரிக்கறது ஊர்ல வழக்கம். அவ சிரிக்கல. கரண்டியை வெச்சுட்டு எழுந்துட்டா. அன்னிக்கு ராத்திரி முழுக்க முதுகைக் காட்டிட்டே படுத்திருந்தா. மறுநாள், மனஸ்தாபத்தோட யாரும் மேசைக்கு வராதீங்கன்னு போதகர் சொன்னார். என் கையில வில்லை வேர்த்து வழியுது. அவ கோவில் மாடியில உக்காந்திருக்கா. இருபது படி ஜெஸ்ஸி. ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சது. ஏறல. வெக்கம். எல்லாரும் பாட்டுப் பாடிட்டு மேசைக்குப் போனாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். திங்கக்கிழமை அவ போயிட்டா. அப்புறம் வீட்டு வேலைக்கு மேற்க போயிட்டதா கேள்வி."

"கடுதாசி போட்டிருக்கலாமே?"

"எந்த விலாசத்துக்கு? விலாசம் கிடைச்சப்போ எனக்குத் தைரியம் இல்ல." அங்கியின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "அப்பா அப்ப மூப்பர். பந்தி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, 'ரெண்டு வில்லை குறையுது'ன்னார். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு அன்னிலேர்ந்து யோசிக்கிறேன். கடையில, கோவில்ல, சாவு வீட்ல ஒவ்வொரு முகமா பார்ப்பேன். இவங்களா? அவங்களா? என்ன பாவமோ, எனக்கு ஒரு துணை இருக்குன்னு ஒரு ஆறுதல்கூட. இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த இன்னொண்ணும் என் பாவந்தான்."

இத்தனை வருஷமாக நான் தெரிந்துகொள்ளத் துடித்த விஷயம் இதுதான். தெரிந்ததும், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ரெண்டாம் தடவை வாங்க மாட்டோம்னு சொன்னாளே, கேட்டியா?" என்றார். "என் வார்த்தையை அவ பிள்ளை வரைக்கும் ஊட்டி வளர்த்திருக்கா."

"கேஸ்ஸியோட மக உள்ள இருக்கா, டோலினா. அவகிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை எழுந்து போங்க."

"செத்தவகிட்டக் கேக்க வேண்டிய மன்னிப்பை மககிட்டக் கேட்டா செல்லுமா?"

"நான் அஞ்சாங்கிளாஸ். என்னைக் கேட்டா? மர்டோகிட்டக் கேளுங்க, மூப்பர்."

"மர்டோகிட்டயா!" அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவன்கிட்டச் சொல்றதும் கோவில் மணியை அடிக்கிறதும் ஒண்ணு."

சனிக்கிழமை முழுக்க டோலினா முயன்று பார்த்தார். லார்னாவின் அறைக்கு டீ எடுத்துப் போனார், டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஓட்ஸ் ரொட்டி எடுத்துப் போனார், அதற்கும் அதே கதைதான். மூன்றாம் தடவை துண்டு எடுத்துப் போனபோது லார்னா என்னிடம் ரகசியமாக, "இந்த வீட்ல இப்படித்தானா? எனக்கு நாலு துண்டு ஆயிடுச்சு" என்றாள். அந்த ஈய வில்லையை அவள் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். வேறு யாரிடமும் காட்டவில்லை. திங்கட்கிழமை மூப்பரிடம் கொடுப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் விரிப்பை வாங்கிப் போக மர்டோ வந்தார். சுருளைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தார். டோலினாவோடு பள்ளிக்கூடம் போனவர், சும்மா இருப்பாரா?

"அடடா! டோலினா மக்காஸ்கில் கையாலயா? இது எந்தப் பாவியோட பங்கு?"

"என்னோடதுதான்" என்றார் டோலினா.

மர்டோ அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு டோலினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போனார். மர்டோ பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறு காலையில் எல்லாரும் கறுப்பு உடுப்போடு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாளே செய்து வைத்த மீன் வடையைச் சூடாக்கிப் பரிமாறினேன். முதல் சுற்று முடிந்தது. டோலினா சட்டியோடு லார்னாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். 'இன்னொண்ணு' என்ற சொல் வரவில்லை. ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"லார்னா, உங்கம்மாவை அடுத்தவங்க மேசையில ரெண்டாம் தடவை சாப்பிட விடாம பண்ணது நான்தான்."

அன்று எல்லார் முன்னாலும் சொன்னதை இன்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். பாலேட்டைச் சொன்னார், அந்தச் சொல்லைச் சொன்னார், இருபது படியைச் சொன்னார். எதையும் விடவில்லை. கடைசியில், "அவகிட்டக் கேக்க எனக்கு வாய்க்கல. உன்கிட்டக் கேக்குறேன், பொண்ணே. என்னை மன்னிப்பியா?" என்றார்.

லார்னா திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் உதடு வேறு எதற்கோ துடித்தது.

"எங்கம்மா என்ன பண்ணுவா தெரியுமா?" என்றாள். "யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் ஒரு தட்டுதான். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழட்ட மாட்டா. அடுக்களையில நின்னுட்டே பாதி ரொட்டியை முடிச்சுடுவா. கேட்டா, 'அங்க பாதிதான் சாப்பிட்டேன்'ம்பா. அவ பட்டினி கிடந்தான்னு நீங்க மனசை வருத்திக்காதீங்க. அப்படி ஒண்ணும் இளைச்சவ இல்ல."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். ஓய்வுநாள் காலை அல்லவா!

"ஆனா உங்களைப் பத்தி ஒரு நாளும் கெட்டதாப் பேசல" என்றாள் லார்னா. "'அங்க ஒரு பொண்ணு இருந்தா. நல்ல சிநேகிதி. அவகிட்டச் சொல்லிக்காம வந்துட்டேன்'ம்பா. அது நீங்கதானா?"

லார்னா தட்டை எடுத்து, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு வைங்க."

டோலினா மூன்று வைத்தார். கோவிலுக்குக் கிளம்பும்போது லார்னா ஜன்னல் விளிம்பிலிருந்த வில்லையை எடுத்துவந்து அவர் கையில் வைத்து மூடினாள்.

கோவிலில் நான் முன்னதாகவே மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். முன்பாடகர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, சபை இழுத்துப் பாடியது. ஆட்கள் மெதுவாக வந்து அமர்ந்தார்கள். மேசையின் நடுவில் பழுப்புத் தழும்புக்கு முன்னால் ஒரு இடம் காலியாகவே இருந்தது. அதன் முன்னால் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. மேசையில் உட்கார்ந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. கர்த்தர் மன்னிக்கட்டும், நான் திரும்பிப் பார்த்தேன்.

கடைசி வரிசைச் சுவரோரம் டோலினா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலத்தான். பாட்டின் ஒரு அடி முடிந்தது. இன்னொரு அடி முடிந்தது. எழுபத்துநாலு வயது, நேற்று வரை இல்லாத ஒன்றுக்கு எழுந்திருப்பது லேசா? இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி. பக்கத்திலிருந்த லார்னா முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. அந்த நடை எனக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும். டோலினா வந்து தழும்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மர்டோ தட்டோடு அட்டைகளை வாங்கிக்கொண்டே வந்தார். டோலினாவிடம் வந்ததும் நின்றார். டோலினா கையை விரித்தார். உள்ளங்கையில் இரண்டு ஈய வில்லைகள். ஒன்று கறுத்துப் போனது, தையல் பெட்டியில் கிடந்தது. இன்னொன்று பளபளவென்று தேய்ந்தது. அதைக் கடிகாரத்துக்குள் வைத்திருந்தாராம். எத்தனை தடவை எடுத்துத் தேய்த்தாரோ.

பந்தியில் பேசக் கூடாது. மர்டோ குனிந்து பேசினார்.

"டோலினா... அட்டை?"

"எங்கப்பாகிட்டக் குடுக்க வேண்டியது. முதல்ல இதை எடுத்துக்கோ."

மர்டோ அந்த இரண்டையும் விரலால் எடுத்து அட்டைகளின் மேல் வைத்தார். ஈயம் தட்டில் பட்ட சின்ன ஓசை மேசை முழுக்கக் கேட்டது. அவர் அடுத்தவரிடம் போனார்.

அப்பம் வந்தது, கிண்ணம் வந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் உரிமை எனக்கில்லை.

திங்கட்கிழமை, லார்னாவின் காரில் இரண்டு டப்பா ஓட்ஸ் ரொட்டியை ஏற்றி அனுப்பிய பிறகு, விரிப்பைக் கொதிக்க வைத்தோம். எலுமிச்சை தேய்த்தோம், உப்பு போட்டோம், புல்லில் விரித்தோம். மற்றதெல்லாம் வெளுத்தது. தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

"போக மாட்டேங்குது, டோலினா."

"கிடக்கட்டும் விடு" என்றார். "அடுத்த வருஷம் எங்க உக்காரணும்னு தேட வேண்டாம். முனையைத் தூக்கு, உன் பக்கம் தொங்குது."